கேமராவுக்குத் தலைக்கு ஊற்றியவள்

கணினித் திரையில் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. இடது மேல் மூலையில் ஒரு சாம்பல் புள்ளி. துணியில் அழுக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். அடுத்த படத்தைத் திறக்கிறேன். மாவரைக்கும் கிரைண்டர், பின்னால் வெளிறிய சுவர். சுவரில் அதே மூலையில் அதே புள்ளி. அதற்கடுத்தது காரமடைத் தேர். கூட்டம், குடை, வடம். புள்ளி இப்போது வானத்தில்.

உன் தூசி.

ஆடியில் ஒரு காய்ச்சலோடு நீ போனாய். இப்போது மார்கழி. புள்ளி மட்டும் இடம் மாறாமல் இருக்கிறது.

போன வாரம் உன் அம்மா ஆபீசுக்கு வந்திருந்தார். கிராஸ்கட் ரோட்டு இரைச்சலிலிருந்து விலகி, நம் குறுகலான மாடிப்படியில் நின்று நின்று ஏறி, கையில் ஒரு பை முருங்கைக்காயோடு. நீ உட்காரும் நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அது உன்னுடையது என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"அவளோட போட்டோ எதுனாச்சும் வேணுங்களாம்மா?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"அவளப் புடிச்ச போட்டோ ஊட்ல கெடக்குது கண்ணு. ஒண்ணுக்கு மாலை போட்டு மாட்டியும் வெச்சாச்சு. எனக்கு அவ புடிச்ச போட்டோ வேணும்."

நான் கணினியைத் திரும்பிப் பார்த்தேன்.

"ரெண்டு வருசமா அந்தப் பொட்டியத் தூக்கிட்டு அலஞ்சா. என்னத்தப் புள்ள புடிச்சேன்னு கேட்டா, எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள இருக்குதும்மான்னு சொல்லிப்போட்டுப் போயிருவா. காயிதத்துல ஒண்ணுகூடக் கண்ணுல காட்டல. கேதம் விசாரிக்க வந்தவங்க கேக்கறாங்க, உன்ற புள்ள அப்புடி என்னத்தத்தான் புடிச்சான்னு. எனக்கே தெரியல. அவங்களுக்கு என்னத்தச் சொல்லட்டும்?"

"எடுத்துட்டு ஊட்டுக்கே வாரேங்கம்மா" என்றேன். அவர் படியிறங்கிப் போன பிறகுதான் எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பது உறைத்தது.

கம்பெனிகளின் சரக்கைப் படம் எடுத்துக் கொடுக்கிற நம்மிடம் இருந்தது ஒரே ஒரு டிஜிட்டல் கேமரா. முதலாளி சிங்கப்பூரிலிருந்து பழையதாக வரவழைத்தது. சாதாரணக் கேமராவின் அடியில் ஒரு செங்கல்லை ஒட்டவைத்தது போல இருக்கும். லென்ஸை மாற்றி மாற்றிப் போடலாம். ஆனால் எடுத்ததை அங்கேயே பார்க்க வழியில்லை. ஆபீசுக்கு வந்து ஒயரை மாட்டி, கணினி ஒவ்வொரு படமாக விழுங்கும்வரை தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு எல்லாம் சிடிக்குப் போய்விடும். சிடியின்மேல் வேலை கொடுத்த கம்பெனியின் பெயர் மட்டும். எடுத்தது யார் என்று குறித்துவைக்கும் வழக்கம் நமக்கு இல்லை. அதை யார் கேட்கப்போகிறார்கள்?

ஒரு வாரம் உனக்கு, அடுத்தது எனக்கு. வாரம் தாண்டுகிற வேலைகளில் முதல் பாதி நீ, மறுபாதி நான். யாருடைய முறையோ அவருடைய வீட்டுக்குக் கேமராவும் போகும். ஆபீஸ் பூட்டின்மேல் முதலாளிக்கு நம்பிக்கை கிடையாது. இப்போது அத்தனையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பம்புசெட், கிரைண்டர், விரிப்பு, துண்டு. எது உன் கண், எது என் கண்? என்னையும் சேர்த்து யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் புள்ளி கண்ணில் பட்டது.

லென்ஸைக் கழற்றும்போது கேமராவின் வாய் திறந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒரு இழை பஞ்சோ ஒரு துகள் மண்ணோ உள்ளே போய், படம் விழுகிற சென்சாரின்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஃபிலிம் என்றால் அடுத்த படத்துக்கு ஃபிலிம் நகரும், அதில் ஒட்டிய தூசியும் அதோடு போகும். சென்சார் நகராது. சுத்தம் செய்யும்வரை எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி. கோவையில் பஞ்சுக்குப் பஞ்சமா?

என் வாடகை வீட்டுக் குளியலறை உனக்கு மறந்திருக்காது. கேமரா என் முறைக்கு வந்ததும் என் முதல் வேலை அதைச் சுத்தம் செய்வது. வெந்நீரைச் சுவரிலும் தரையிலும் வாரி ஊற்றிக் கதவைச் சாத்திவிடுவேன். ஆவி எழுந்து, காற்றில் மிதக்கிற தூசியையெல்லாம் கூட்டிக்கொண்டு கீழே இறங்கும். அடங்கிய பிறகு கேமராவோடு உள்ளே போவேன். முடி விழாமலிருக்கத் தலையில் ஈரத்துண்டு. ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தி, கேமராவைத் தரை பார்க்கக் கவிழ்த்து, மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் பம்பால் ஊதுவேன். காது கழுவுகிற பம்பு. பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். பாதியில் தீர்ந்தால் ஷட்டர் சட்டென்று மூடிக்கொள்ளும், பம்பின் மூக்கு உள்ளே இருக்கிறதா என்று பார்க்காது. பயத்தில் எனக்கு வியர்க்கும்.

முதல் தடவை நீ அதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாய்.

"ஏனுங்கம்மணி, கேமராவுக்குத் தலைக்கு ஊத்தறீங்களா?"

"வெளிய நில்லு. காத்து வருது."

"சீயக்கா வேணுமா? எங்கம்மா அரச்சது இருக்குது."

அன்று எவ்வளவு ஊதியும் புள்ளி போகவில்லை. படத்தில் மேலே தெரிகிறதே என்று சென்சாரின் மேல்பக்கமாகவே ஊதிக்கொண்டிருந்தேன். லென்ஸ் காட்சியைத் தலைகீழாகத்தான் உள்ளே போடும். மேலே தெரிகிற தூசி கீழேதான் கிடக்கும். இயற்பியலில் பட்டமேற்படிப்பு படித்த நானும், பி.காமில் அரியர் வைத்த நீயும் ஒன்றுபோல மறந்திருந்தோம். "விடு அம்மணி, அது தலகீழா நின்னு தவம் பண்ணுது" என்றாய். பம்பைக் கீழே திருப்பி ஊதியதும் போய்விட்டது. நாம் இருவரும் ஈரத்தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

உனக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ஓடுகிற பஸ்ஸில் லென்ஸ் மாற்றுவாய். தறி ஓடுகிற இடத்தில், பஞ்சு பறந்து நம் புருவத்தில் படிந்திருக்கும்போது, மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு மாற்றுவாய். ஒருமுறை சென்சாரில் வாயாலேயே ஊதினாய். எச்சில் ஒரு துளி. அன்று பொழுதுசாயும்வரை உன்னோடு நான் பேசவில்லை. மாலையில் பன்பட்டர்ஜாம் வாங்கிவந்து என் மேசையில் வைத்துவிட்டு, "தூசியே இல்லாத எடத்துல போட்டோ எடுக்கறதுக்கு என்ன அம்மணி இருக்குது?" என்றாய். மன்னிப்புக் கேட்கிற குரலில்தான் சொன்னாய். மன்னிப்பாக இல்லை.

சென்னிமலை விரிப்புக்காரர் போன் செய்த நாள். ஸ்பீக்கரில் போட்டு முதலாளியும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்ற வெள்ளத் துணி பூராம் எறும்பு ஊருதுங்களே. பாரின் பார்ட்டிக்கு இதையா அனுப்பறது?"

முதலாளியின் முகம் சுருங்கியது. நான் மேசைக்கடியில் போய்விடலாமா என்று பார்த்தேன். நீ போன் பக்கம் குனிந்து, அவ்வளவு மரியாதையாக, "எறும்பு இல்லீங்ணா. திருஷ்டிப் பொட்டுங்ணா. அத்தன வெள்ளையா நெய்ஞ்சு போட்டீங்கன்னா ஊருக்கண்ணு படாதுங்களா?"

 அந்தப்பக்கம் அவர் சிரித்துவிட்டார். "சரிங்கம்மணி. பொட்ட அழிச்சுப்போட்டுக் குடுங்க."

அழித்தது நான். ஒவ்வொரு விரிப்பாக, ஒவ்வொரு புள்ளியாக, மவுஸை நகர்த்தி நகர்த்தி. நீ பின்னால் நின்று என் நாற்காலியைச் சுழற்றிவிட்டுக்கொண்டிருந்தாய். நல்லவேளை, சிடியில் ஏற்றியது அழிப்பதற்கு முந்தைய படங்களை.

ஆக, கணக்கு எளிது. கேமரா என் கைக்கு வந்தால் குளிக்கும். உன் கைக்குப் போனால் அழுக்காகும். புள்ளி இருந்தால் நீ. இல்லையென்றால் நான்.

இப்படிப் பிரிக்க ஆரம்பித்தேன். சிடியைப் போடுவேன், படத்தைத் திறப்பேன், மூலைகளைப் பார்ப்பேன். நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஒரு வாரம் இடது மூலையில் ஒற்றைப் புள்ளி. இன்னொரு வாரம் நடுவில் ஒரு சுருண்ட இழை, புழுவைப் போல. பிறகு மூன்று புள்ளிகள் சேர்ந்தாற்போல. உன்னைப் பின்தொடர்வது இவ்வளவு சுலபமாக ஒருபோதும் இருந்ததில்லை. உயிரோடிருந்தபோது டவுன்ஹாலில் உன்னைத் தொலைத்துவிட்டு எத்தனை தடவை தேடியிருக்கிறேன்.

பம்புசெட்டுகளுக்கும் துண்டுகளுக்கும் நடுவே நீ ஒளித்துவைத்தவை ஒவ்வொன்றாக வந்தன. நான் அறியாதவை. உக்கடத்தில் மீன்கூடையின்மேல் தூங்கும் பூனை. மேட்டுப்பாளையம் ரோட்டில் டெம்போவின் பின்னால் நின்றுகொண்டு போகிற மாடு, அரசியல்வாதியைப் போல. தேநீர்க் கண்ணாடி டம்ளர், அதன் வழியாக ஒரு கோணலான தெரு. தேர் பார்க்க வந்தவர்களின் செருப்புக் குவியல். மழைநாளில் பஸ் ஜன்னலில் யாரோ விரலால் கிறுக்கிய கணக்கு. எல்லாவற்றிலும் எங்காவது ஓரத்தில் உன் புள்ளி.

நான் எடுத்தவற்றையும் வேகமாக ஓட்டிப் பார்த்தேன். கிரைண்டர். பம்பு. கிரைண்டர். சுத்தமாக இருந்தன.

பிறகு ஒரு பம்புக் கம்பெனியின் சிடியில் அந்தப் படம். உன் அம்மா. வீட்டின் பின்புறம், துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் தென்னைகள், அதற்கும் பின்னால் குருடிமலை. அம்மாவின் நெற்றிச் சுருக்கமும் தெளிவு, மலையின் மடிப்பும் தெளிவு. கிட்டத்திலிருப்பதும் தூரத்திலிருப்பதும் ஒன்றாகத் தெளிய வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை ஊசிமுனையாகச் சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கினால் உள்ளே இருக்கிற தூசியும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மேலே மேகமில்லாத வானம் வேறு. ஒளிய இடமே இல்லை.

புள்ளி இல்லை.

நான் எடுத்ததாக இருக்க முடியாது. துடியலூரில் உன் வீட்டுக்கு நான் முதலில் வந்ததே நீ போன அன்றைக்குத்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்தேன். நான் துடைத்துக் கொடுத்த கையோடு, லென்ஸைக் கழற்றுவதற்குள், முதல் வேலையாக அம்மாவை எடுத்திருக்கிறாய். அப்படியென்றால் அந்தத் தெளிவான வானத்தில் என் பங்கும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த நினைப்பு எனக்குச் சுகமாக இருந்தது.

எல்லாவற்றையும் ஆபீஸ் பிரிண்டரில் போட்டு எடுத்தேன். முதலாளி தாளின் விலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நடுவில் எழுந்து வந்து பூனையைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, "இத எப்பம்மா எடுத்தா?" என்று மட்டும் கேட்டார். புள்ளிகளை நான் அழிக்கவில்லை. அழித்தால் அவை உன்னுடையவை என்பதற்கு என்னிடம் வேறு என்ன சாட்சி?

ஞாயிற்றுக்கிழமை துடியலூருக்குப் போனேன். உன் அம்மா பாயை விரித்து, படங்களை வரிசையாகப் பரப்பினார். கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தூசியின் கதையைச் சொன்னேன்.

"கண்ணுல பூ விழுந்தாப்பல, கேமராவுக்கும் விழுமா கண்ணு?"

"ஆமாங்கம்மா. அதேதானுங்க."

"நீ அத வெச்சு இதெல்லாம் இவளோடதுன்னு கண்டுபுடிச்சியாக்கும்?"

"ஆமாங்கம்மா. சுத்தமா இருந்தா என்னோடது, அழுக்கா இருந்தா இவளோடது."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது அதுதான் முதல். செருப்புக் குவியலை எடுத்து, "தேருக்குப் போயிச் சாமியப் புடிக்காமச் செருப்பப் புடிச்சிருக்கறா பாரு, கிறுக்கி" என்றார். மாட்டைப் பார்த்தும் சிரித்தார். டம்ளர் படத்தை மட்டும் நெடுநேரம் கையில் வைத்திருந்தார்.

கடைசியாக அவருடைய படம். மடியில் வைத்துக்கொண்டார்.

"சீலகூட மாத்தல நானு" என்றார். விரலால் வானத்தைத் தடவினார். மூலை மூலையாகத் தடவினார். "இதுல அந்தப் பூவக் காணமே கண்ணு. அப்ப இது நீ புடிச்சதா?"

"இல்லீங்கம்மா. இவதான். நான் தொடச்சுக் குடுத்த ஒடனே புடிச்சிருப்பாளுங்க."

"நீ எங்க தொடச்சே?" என்றார். "அன்னிக்கு நடந்தது எனக்கல்ல தெரியும். காத்தால எந்திரிச்சதும் வெறகடுப்புல ரெண்டு அண்டா தண்ணி காய வெச்சா. ஊருலருந்து ஒரம்பரை சனம் யாராச்சும் குளிக்க வாராங்களான்னு கேட்டேன். ஒருத்தரும் இல்லைன்னா. அத்தனத் தண்ணியும் கொண்டுபோயி பாத்ரூம் செவுத்துல ஊத்திப்போட்டுக் கதவச் சாத்திட்டு நிக்கறா. தலைல ஈரத்துண்டு வேற. என்னடி கூத்து இதுன்னேன். 'கேமராவுக்குத் தலைக்கு ஊத்தறம்மா'ங்கறா."

நான் கையிலிருந்த படத்தைப் பாயில் வைத்தேன்.

"உள்ளார போயி ரொம்ப நேரம் வரல. வந்தப்ப மூஞ்சியெல்லாம் வேத்துக் கெடக்குது. என்னையப் புடிச்சுக் கல்லு மேல உக்கார வெச்சா. 'அசையாதம்மா, உன்ற மூஞ்சில ஒரு பொட்டுத் தூசி விழுவப்படாது'ன்னா. அப்பறம் இன்னொண்ணும் சொன்னா." என் முகத்தைப் பார்த்துக்கொண்டார். "'எம்பட கூட்டாளிகிட்டச் சொல்லிப்போடாத. அப்பறம் என்னைய வெச்சு வாழ்நாளு பூராம் சிரிப்பா'ன்னா."

நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்க வேண்டும். நீ அதைத்தான் எதிர்பார்த்தாய்.

கை கழுவக் கொல்லைப்பக்கம் போனேன். குளியலறைச் சுவரின் ஆணியில், சீயக்காய்ப் பைக்குப் பக்கத்தில், ஒரு ரப்பர் பம்பு தொங்கியது. என்னிடம் இருப்பது போன்றதே. அது எதற்கு என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. நீ மாட்டியதை எடுக்க மனமில்லாமல் விட்டுவைத்திருந்தார். நான் தொடவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தவர், பை நிறைய முருங்கைக்காயைத் திணித்துவிட்டு, "இனி கேட்டாங்கன்னா எடுத்துக் காட்டிக்கறேன் கண்ணு. பூனை, மாடு, செருப்பு, நானு" என்றார்.

அன்று மாலை ஆபீஸ் சாவியை வாங்கிக்கொண்டு வந்து, மறுபடியும் சிடிகளைப் போட்டேன். இந்த முறை சுத்தமான படங்களை. என்னுடையவை என்று ஒதுக்கியவை. பிரிக்கும்போது இவற்றில் நான் மூலைகளை மட்டும்தான் பார்த்திருந்தேன். படத்தைப் பார்க்கவில்லை.

சென்னிமலை, விரிப்புக்காரரின் தறிக்கூடம். அன்று கேமரா உன் முறை. காலை முழுக்க அதைப் பையைவிட்டே எடுக்காமல் இருந்தாய். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தறி நின்ற நேரம். அடுக்கிவைத்த வெள்ளை விரிப்புகளின்மேல் ஒருத்தி சுருண்டு தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒரு கால் செருப்பைக் கழற்ற மறந்திருக்கிறாள். அவளுடைய புருவத்திலும் முடியிலும் பஞ்சு. அது நான்.

சுற்றிலும் வெள்ளை. ஒரு புள்ளி இருந்தால் எறும்பு போல ஊரும். ஒவ்வொரு மூலையாகப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

இல்லை.

விரிப்புக்காரரின் துணிக்கு நீ செய்யாததை அந்த ஒரு படத்துக்குச் செய்திருக்கிறாய். சாப்பிட்டதும் நான் தூங்கிவிழுவேன் என்று உனக்குத் தெரியும். முந்தின நாளே உன் வீட்டு அண்டா கொதித்திருக்கும். என்னிடம் சொல்லவில்லை. படத்தையும் காட்டவில்லை.

அதற்குமேல் நான் பிரிக்கவில்லை. சுத்தமான குவியலில் இன்னும் எத்தனை உன்னுடையவை என்று எனக்குத் தெரியாது. கிரைண்டருக்கு நடுவில் ஒரு சாயங்கால வெயில் இருக்கிறது. நான் எடுத்தேனா என்று நினைவில்லை. ஒரு குழாயடி இருக்கிறது. ஒரு காலி பெஞ்சு. முன்பு என் படங்கள் என்று தயங்காமல் சொன்னேன். இப்போது ஒவ்வொன்றையும் திறந்து, புள்ளி இல்லாத அந்த வானத்தை வெகுநேரம் பார்க்கிறேன்.

நாளை எனக்கு ஒரு பம்புசெட்டைப் படம் எடுக்கிற வேலை இருக்கிறது. வெந்நீர் போட்டிருக்கிறேன். குளியலறைக் கதவைச் சாத்தவில்லை. இடுக்கு வழியாக நீ ஏதாவது சொல்வதற்காக.